வெள்ளிக்கிழமை கேட்

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர் வீட்டு நடுக்கூடத்தில் நாலு காலில் தவழ்ந்து போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் நாலு வருஷம் பார்த்தேன். முதல் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை. தவழ்ந்துகொண்டே என் முதலாளி அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"சிரிக்கிறவ வெளிய போயி நில்லு. நான் இப்ப பத்து மாசப் பிள்ளை. எனக்குச் சாவுன்னா என்னன்னு தெரியாது. என்னைய நிறுத்து பாப்போம்."

அந்த வீட்டுக்காரர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா நாங்கள் மாட்டியிருந்த கேட்டைப் பிடித்து எழுந்து நின்றாள். உலுக்கினாள். கம்பிகளுக்கு நடுவே முகத்தைத் திணித்தாள். கீழ்க்கம்பியில் கால் வைத்து ஏறப் பார்த்தாள். மேல்குழாயைப் பல்லால் கடித்தாள். பெயின்ட்டை நக்கிப் பார்த்தாள். கடைசியில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து கேட் ஓரமாகப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து, "இந்த ஸ்டூலை யாரு இங்க வச்சது?" என்று கேட்டாள். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள், "நீங்கதான். கேட் போட்டும் பிள்ளையைக் கொல்லத் தெரிஞ்சவங்க நீங்க" என்றாள்.

இப்படித்தான் பேசுவாள். வாயைத் திறந்தால் தேள் கொட்டும். அவளிடம் கேட் வாங்கிய யாரும் அவளை மறுபடி பார்க்க விரும்பியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்தார்கள்.

எங்கள் பட்டறை புதுக்கோட்டையில், அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. ஒரு வெல்டர் அண்ணன், அக்கா, நான், மொத்தம் மூன்று பேர். வீட்டுக்குள் வைக்கிற கேட் மட்டும்தான் செய்தோம். பிள்ளை அடுப்படிக்குள் போகாமல், மாடிப்படியில் உருளாமல், நாய் பூஜை அறைக்குள் நுழையாமல், வாசல் நிலைக்கு நடுவே நிற்கிற இடுப்பளவு இரும்புத் தடுப்பு. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்திருக்கும். இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும். நாலு மூலையிலும் திருகு, திருகின் முனையில் ரப்பர் வட்டு. திருகைத் திருகினால் ரப்பர் நிலையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எங்கேயும் ஓர் ஓட்டை போட வேண்டாம். ஓட்டை போடுவதென்றால் எங்கள் பக்கம் ஒரு கேட் விற்காது. நிலை வைத்த அன்றைக்குப் பூவும் பொட்டும் வைத்து விழுந்து கும்பிட்ட மரத்தில், கேட்டுக்காக ஆணி இறக்க எந்த மாமியார் சம்மதிப்பார்?

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, கம்ப்யூட்டரில் படம் போடத் தெரியும் என்பதை நானே மறந்துகொண்டிருந்த நேரத்தில் அக்கா ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என் சர்டிஃபிகேட்டை அவள் கையில் கூட வாங்கவில்லை.

"பிள்ளை இருக்கா?"

"எட்டு மாசம்க்கா. பொம்பளப் பிள்ளை."

"விழுந்திருக்கா?"

"இல்லக்கா."

"விழும்" என்றாள். "நாளைக்கு வா."

எனக்கு அப்படியே எழுந்து வந்துவிடலாம் போல் இருந்தது. பச்சைப் பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு சொல் சொல்வாளா ஒருத்தி? ஆனால் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில், மாசத்துக்கு ஒருமுறை வருகிறவர். பகலெல்லாம் நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மறுநாள் போனேன்.

போனில் அக்கா கேட்கிற முதல் கேள்வி வாசல் என்ன அகலம் என்பதில்லை. "எப்ப விழுந்துச்சு?" என்பதுதான். யாரும் விழுவதற்கு முன்னால் கேட் வாங்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. விழவே இல்லை என்று எதிர்முனையில் சொன்னால், "அப்ப விழுந்ததுக்கப்புறம் கூப்புடுங்க" என்று வைத்துவிடுவாள். பாதிப் பேர் உடனே திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "போன மாசம் கட்டில்லேருந்து ஒரு தடவ..." என்று ஆரம்பிப்பார்கள். அக்கா அப்போதுதான் வாசல் அகலம் கேட்பாள்.

நேரில் இன்னும் மோசம். பிள்ளை விழுந்தால் வீட்டில் யாராவது ஒருவர் அதை மறைத்திருப்பார். தாய் புருஷனிடம் சொல்லியிருக்க மாட்டாள், மாமியார் மருமகளிடம் சொல்லியிருக்க மாட்டார். எந்த வீட்டிலும் அக்கா இதைத்தான் முதலில் தோண்டுவாள். எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பிள்ளையின் தலையை விரலால் தடவுவாள். "இந்தப் புடைப்பு எப்ப வந்துச்சு? யாரு இருந்தா அப்ப?" என்பாள். கல் விழுந்த குளம் மாதிரி வீடு கலங்கும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். அக்கா அசையாமல் உட்கார்ந்து அவரிடம், "இப்ப அடிங்க, கேட் மாட்டுற வரைக்கும் பிள்ளைய யாரு பாக்கிறது?" என்று கேட்டாள். அவர் கையை இறக்கினார். அந்தப் பெண் அக்காவுக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். நாங்கள் படியிறங்கும்போது அவள், "நீ நல்லாருப்பியாடி?" என்றாள்.

"நான் நல்லாருக்க வேண்டாம், ஒன் பிள்ளை நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்கூட்டரை உதைத்தாள்.

பூசணிக்காய்க் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. புதுக்கோட்டையிலேயே புதிதாகக் கட்டிக் குடிபோன வீடு அது. பதினாறு படி, வழவழவென்று கிரானைட். வீட்டுக்காரருக்கு முப்பது வயது இருக்கும். மனைவி இடுப்பில் பதினோரு மாசக் குழந்தை. "எங்க அம்மா இருபத்து நாலு மணி நேரமும் பாத்துக்குவாங்க. இதெல்லாம் சும்மா பேஷன்ங்க" என்றார் அவர். அக்கா கீழே போய் ஸ்கூட்டரில் இருந்து ஒரு சின்னச் சாம்பல் பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். காலையில் உழவர் சந்தையில் அவள் அதை வாங்கும்போது குழம்புக்கு என்றுதான் நினைத்தேன்.

அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "திருஷ்டி கழிக்கப் போறீங்களா? நல்லதுங்க. குங்குமம் எடுத்தாரவா?"

"எடுத்துட்டு வாங்க" என்றாள் அக்கா.

கத்தியால் பூசணிக்காயில் ஒரு சில்லு எடுத்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, சில்லைத் திரும்ப வைத்து மூடினாள். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். அக்கா மேல்படியில் வைத்துக் காலால் மெல்லத் தள்ளினாள். முதல் நாலு படி அது பந்து மாதிரி உருண்டது. பிறகு எகிறியது. பதினோராவது படியில் பிளந்தது. அதற்குப் பிறகு படியெல்லாம் சிவப்பு.

"உங்க பிள்ளை தலை இதை விடக் கொஞ்சம் சின்னது" என்றாள் அக்கா.

குழந்தையோடு நின்ற பெண் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டார். அந்த இளைஞர் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார், அகலம் எடுக்க. நான் துணி வாங்கிப் படியைத் துடைத்தேன். கை முழுக்கக் குங்குமம். அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

நாய்களிடமும் அவளுக்கு அதே நியாயம்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர் வீட்டில் ஒரு லாப்ரடார். மாடிக்கு ஏறி மெத்தையைக் கிழிக்கிறது என்று கேட் கேட்டார்கள். "காலையில அதுக்குச் சோறு போடாதீங்க" என்று முதல்நாளே போனில் சொல்லிவிட்டாள். போய் கேட்டை மாட்டி, நாயை உள்ளே விட்டு, வெளியே ஒரு தட்டு நிறைய வஞ்சிர மீன் வறுவலை வைத்தாள். நாய் கேட்டைப் பிராண்டியது, முட்டியது, ஊளையிட்டது. கடைசியில் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. ஈறில் ரத்தம் வந்தது. எட்டாவது படிக்கிற அந்த வீட்டுப் பெண் அழுதுகொண்டே அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும்ங்க, பாவம்ங்க" என்றார் அவர்.

"பாவம்னு சொல்ற வீட்லதான் எல்லாம் விழும். சும்மா இருங்க."

கீழ்த்தாழ் வளைந்து நாய் வெளியே பாய்ந்தபோது அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? பரீட்சையில் தான் தோற்றுப்போனதைக் கண்டு சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். "ஒம்போது நிமிஷம். அந்தத் தாழு மெலிசு. குறிச்சுக்க" என்றாள் என்னிடம். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வறுவலை ஒவ்வொன்றாக முள் எடுத்து, உள்ளங்கையில் வைத்து அந்த நாய்க்கு ஊட்டினாள். அரை மணி நேரம் ஊட்டினாள். நாய் அவள் கையில் ரத்தமும் எச்சிலுமாக நக்கியது. அந்த மாதிரி நேரத்தில்தான் இவளை வெறுக்கவும் முடியாமல் போய்விடும்.

அக்காவுக்கு ஒரு பிள்ளை இருந்து, தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனதாக ஊரில் ஒரு பேச்சு இருந்தது. வாடிக்கையாளர்கள் சிலர் காபி கொடுத்துவிட்டு, "ஒங்க கதையைக் கேள்விப்பட்டோம்ங்க" என்று தழுதழுப்பார்கள். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். நானும் அதை நம்பித்தான் அவள் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"எனக்கு ஏதுடி பிள்ளை?" என்றாள். "எங் கல்யாணமே நாலு மாசத்துல முடிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன்க்கா இல்லன்னு சொல்லல?"

"கேட் போட்டாங்கல்ல?"

கொஞ்ச தூரம் போய்விட்டு அவளே மறுபடி பேசினாள். "செத்துப்போன பிள்ளை ஒன்னு இருந்தாத்தான் உசுரோட இருக்கிற பிள்ளையப் பத்திப் பேசணுமா? இல்லாதவ பேசுனா குத்தமா?"  ஏமாந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

நாங்கள் குடியிருந்தது மாடி போர்ஷன். கதவைத் திறந்தால் நேரே படி. என் மகள் யாழினி தவழ ஆரம்பித்ததுமே நான் வரைந்த கேட்டை, நானே கொண்டுபோய் மாட்டினேன். மாமியாருக்கு அதில் பெருமைதான். வருகிறவர்களிடம் எல்லாம், "எம் மருமக செஞ்சது" என்று காட்டுவார். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு அது இடைஞ்சல். வாரம் தவறாமல் அன்றைக்கு நிலையைக் கழுவி, மரம் மினுங்கட்டும் என்று எண்ணெய்த் துணியால் துடைத்து, அடியில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பார். அதற்காகத் திருகு நாலையும் தளர்த்திக் கேட்டை எடுத்து ஓரமாக வைப்பார். முடித்ததும் மறுபடி வைத்து இறுக்குவார். வாரா வாரம் என் கண்ணெதிரில்தான் செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அறந்தாங்கியில் ஒரு வீட்டில் கேட் மாட்டிக்கொண்டிருந்தேன். யாழினிக்கு ஒரு வயதும் நாலு மாசமும். கம்பியைப் பிடித்து நின்று ஆட்டியிருக்கிறாள். ஈர மஞ்சளிலும் எண்ணெயிலும் ரப்பர் வழுக்கி, கேட்டோடு சேர்ந்து பிள்ளையும் படியில் போய்விட்டது. நாலு படி. நெற்றியைக் கிழித்தது படி இல்லை. கேட்டின் தாழ்ப்பாள் முனை. நான் வரைந்த முனை.

ஆஸ்பத்திரியில் உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அலறுவது வராந்தா வரைக்கும் கேட்டது. அக்கா வந்தாள். நேராக வரவில்லை. முதலில் எங்கள் வீட்டுக்குப் போய், அந்த நிலையை விரலால் வழித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் மஞ்சளாக இருந்தது.

"மஞ்சளும் எண்ணெயும்" என்றாள். "ஒங்க மாமியா நல்லாத்தான் இறுக்கியிருக்காங்க. அவங்க மேல தப்பில்ல. நம்ம ரப்பர்தான் வழுக்கிருச்சு."

நான் அழுதுகொண்டிருந்தேன். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"நான் அந்த வீட்ல குடியிருக்கல. நீ இருக்க. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நிலை கழுவுறதப் பாத்துருக்க. படம் போடுறவ நீ. ஒனக்குத் தோணாம யாருக்குடி தோணும்?"

உள்ளே பிள்ளை இன்னொரு தையலுக்கு அலறியது. வெந்த புண்ணில் வேல் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த நிமிஷம் எனக்கு அவளைக் கழுத்தை நெரிக்க வேண்டும் போல் வெறி வந்தது. சொன்னது முழுக்க நிஜம் என்பதால்தான் அவ்வளவு வெறி.

அந்த நிஜத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு ஆள் இருந்தார். "மஞ்சப் பூசுற கையால பிள்ளையக் கொன்னுருப்பீங்க" என்று மாமியாரிடம் சொன்னேன். அது என் வாயில் வருகிற பேச்சே இல்லை. அக்காவின் வாயை இரவல் வாங்கி வந்திருந்தேன்.  அதற்குப் பிறகு மாமியார் யாழினியைத் தூக்கவே இல்லை. பிள்ளை கையை நீட்டினாலும், "ஒங்க அம்மா வரட்டும்" என்று நகர்ந்துவிடுவார். நிலை கழுவுவதையும் விட்டுவிட்டார். அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனசு வரவில்லை. பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால், அக்காவிடம் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

அடுத்த சில மாதங்கள் பட்டறையில் கோயில் வாசம் அடித்தது. அக்கா பழைய நிலைக்கட்டைகளை வாங்கி நிறுத்தி, தினமும் மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசி, அதில் கேட்டை மாட்டி, ஓடிவந்து முழு உடம்போடு அதில் மோதுவாள். கேட்டோடு சிமென்ட் தரையில் விழுவாள். முழங்கையில் தோல் உரியும். முட்டி இரண்டும் வீங்கிப்போய், பிறகு கடைசி வரை சரியாகவில்லை. வெல்டர் அண்ணன் ஒருநாள், "நான் மோதுறேன், நீங்க தள்ளிக்கங்க" என்றார். "ஒனக்கு விழுந்தா வலிக்கும்னு தெரியும்ல? நீ மெதுவாத்தான் மோதுவ" என்றாள். நான் புதிதாக ஒரு படம் போட்டேன். ஆசாரிமார் பலகையைப் பிடிக்கிற கிளாம்ப் மாதிரி, நிலையை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிற பிடி. ஓட்டை வேண்டாம். பிடி நிலையிலேயே இருக்கும், கேட்டை மட்டும் தூக்கி எடுத்துவிட்டுக் கழுவலாம், மஞ்சள் பூசலாம், திரும்ப மாட்டலாம். தாழ்ப்பாள் முனையை உருட்டிவிட்டேன். அக்கா மோதி மோதிப் பார்த்தாள். அது அசையவில்லை. அன்றைக்கு மட்டும் என் தோளில் ஒருமுறை தட்டினாள். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு தட்டலுக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கேட் என்று அக்காதான் பெயர் வைத்தாள். மாவட்டம் பூராவும் போனது. வெள்ளிக்கிழமைதான் டெலிவரி கொடுப்பார்களா என்று கேட்டவர்களும் உண்டு.

கேட் மாட்டப் போகிற வீடுகளுக்கும் யாழினி எங்களோடு வருவாள். அக்கா அவளை முதல் தடவை காட்டியது ஒரு பேங்க்காரர் வீட்டில். அந்த வீட்டு அம்மா முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். அக்கா சட்டென்று, "யாழினி, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டாள். இரண்டரை வயதுப் பிள்ளை ஓடிப்போய் மடியில் ஏறியது. நெற்றி முடியை ஒரு விரலால் ஒதுக்கிக் காட்டினாள். புருவத்தில் தொடங்கி முடிக்குள் போகிற தழும்பு. "ஆறு தையல். கிழிச்சது எங்க கேட்டுதான். இவங்க அப்பத்தா திருகைக் கழட்டி மஞ்சப் பூசினாங்க. அம்மா வீட்ல இல்ல. எங்க போயிருந்தா தெரியுமா? வேற பிள்ளைக்கு கேட் மாட்டப் போயிருந்தா. இந்தா நிக்கிறா பாருங்க, இவதான் அம்மா." அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

திரும்பி வரும்போது சொன்னேன். "இனிமே பிள்ளையக் காட்டாதீங்கக்கா."

"சரி. காட்டல. அந்த வீட்டுப் பிள்ளை விழுந்தா நீ போயி பதில் சொல்லு."

 இதுதான் அவளிடம் இருந்த பெரிய கொடுமை. அவள் செய்வது தப்பு என்று நன்றாகத் தெரியும், தப்பு என்று சொல்ல மட்டும் ஒரு வழியும் வைக்கமாட்டாள். அக்காவின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. ஒருநாள் காலையில் கிளம்பும்போது யாழினியின் நெற்றி முடியை ஏற்றி வாரி, மேலே கிளிப் போட்டுவிட்டேன். தழும்பு தெரியட்டும் என்று. அதை அக்கா சொல்லவில்லை. நானே செய்தேன். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆலங்குடி வீட்டோடு நான் வேலையை விட்டேன். மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை, அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. யாழினிக்கு அப்போது நாலரை வயது. அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் டீச்சர்கள். மாடிப்படி ஓரத்தில் இரண்டு வயதுப் பையன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எம் பிள்ளை ரொம்பப் பதவிசுங்க" என்றார் அந்த டீச்சர். "படிப் பக்கமே போவ மாட்டான். நாங்க யோசிச்சுச் சொல்றோமே."

அக்கா தவழ்ந்து காட்டத்தான் குனிந்தாள். முட்டி மடங்கவில்லை. வலியில் முகம் சுளித்துக்கொண்டு திரும்ப நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  நான் கேட்டைத் திரும்பக் கொண்டுபோய்விடலாமா என்று யோசித்தேன்.

யாழினி ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கிரேயானைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அந்த டீச்சருக்கு முன்னால் முட்டி போட்டு, தானே ஒரு விரலால் முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. ஆறு தையல். கிழிச்சது எங்க கேட்டுதான். அப்பத்தா திருகைக் கழட்டி மஞ்சப் பூசினாங்க." அக்கா மூச்சு விடுகிற அதே இடத்தில் நிறுத்தினாள். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாள். "எங்க அம்மா வீட்ல இல்ல. வேற பாப்பாவுக்கு கேட் மாட்டப் போயிருந்துச்சு."

டீச்சர் எழுந்து ஓடிப்போய்ப் பையனை வாரி எடுத்துக்கொண்டார். "இன்னைக்கே மாட்டிருங்கக்கா" என்றார். 

நான் யாழினியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை. அடிக்க வேண்டியது யாரை என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளையும் அடிக்க முடியாது, என்னையும் அடித்துக்கொள்ள முடியாது. கைக்கு எட்டியது பிள்ளைதான்.

அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "எதுக்குடி அடிக்கிற?" என்றாள் என்னிடம். "அவ சொன்னதுல எது பொய்?"

 யாழினி அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து, "பெரியம்மா, நான் எதையாச்சும் விட்டுட்டேனா?" என்று கேட்டாள்.